உஷார்! முதல் நாளே மஞ்சளிக்கும் பிள்ளைக்கு வெயில் மருந்தல்ல

பிறந்து ஒரு நாள் முடிவதற்குள் பிள்ளையின் முகமும் கண்ணும் மஞ்சளிக்கிறதா? பக்கத்து வீட்டில் யோசனை கேட்க வேண்டாம். விடியட்டும் என்று பொறுக்கவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் இருந்தால் அந்தக் கணமே தாதியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றால், கட்டிய பையை அவிழ்க்காமல் திரும்பிப் போங்கள்.

ஏன் இந்தப் பதற்றம்? நிறைமாதத்தில் பிறக்கும் பத்துப் பிள்ளைகளில் ஆறு பிள்ளையளவில் முதல் வாரத்தில் கொஞ்சமாவது மஞ்சளிக்கும். குறைமாதப் பிள்ளைகள் என்றால் எட்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தானாகவே மாறிவிடும். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, இதைக் காணாத வீடு அரிது. "எல்லாப் புள்ளைக்கும் வாறதான் மனே, காலம வெயில்ல காட்டு" என்று அம்மம்மா சொல்வதும் அந்த அனுபவத்தில்தான். பெரும்பாலும் அவர் சொல்வது பலித்தும் விடுகிறது.

பலிக்காத பிள்ளை ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளையின் இரத்தத்தில் செங்குழியங்கள் அளவுக்கு மீறி உடைந்துகொண்டிருக்கும். அதன் மஞ்சளும் பார்வைக்கு மற்றப் பிள்ளைகளின் மஞ்சளைப் போலத்தான் இருக்கும். ஆனால் அது மணிக்கு மணி ஏறும். மூளையைத் தொட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஆறுதல் வார்த்தை ஆபத்தாக மாறுவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த உடைவுக்கான காரணங்களில் முக்கியமானவற்றைப் பிள்ளை பிறக்குமுன்பே ஊகித்துவிடலாம். ஒன்று தாயின் கிளினிக் கார்ட்டில் எழுதியிருக்கிறது. மற்றொன்று தாய்வழிச் சொந்தத்தில் ஓடுகிறது. இன்னொன்று வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது. பார்க்கத் தவறுவது நாம்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

வளர்ந்தவர்களின் செங்குழியம் ஏறத்தாழ 120 நாள் உயிர்வாழும். பிறந்த பிள்ளையின் செங்குழியத்துக்கு 60 முதல் 90 நாள்தான் ஆயுள். கருப்பையில் ஒட்சிசன் குறைவு என்பதால் பிள்ளை நிறையச் செங்குழியங்களோடு பிறக்கிறது. வெளியே வந்து மூச்செடுத்ததும் அத்தனையும் தேவைப்படுவதில்லை, உடையத் தொடங்குகின்றன. ஒரு கிராம் ஈமோகுளோபின் சிதைந்தால் 35 மில்லிகிராமளவு பிலிரூபின் உண்டாகும். மஞ்சள் நிறம் அதனுடையது. அதை மாற்றிப் பித்தத்தோடு வெளியேற்றுவது ஈரலின் வேலை. பிறந்த பிள்ளையின் ஈரல் அந்த வேலைக்கு இன்னும் பழகவில்லை.

மாரி மழையில் நாலாபக்கமும் இருந்து வெள்ளம் வாவிக்குள் இறங்கும்போது முகத்துவாரம் மண்மூடிக் கிடந்தால் என்ன ஆகும் என்று மட்டக்களப்பாருக்குச் சொல்லத் தேவையில்லை. சாதாரண மஞ்சளில் வருகிற வெள்ளம் கொஞ்சம். சில நாளில் வாய் வெட்டுப்பட்டு வடிந்துவிடும். செங்குழியம் வேகமாக உடைகிற பிள்ளைக்கோ, வாய் திறக்குமுன் தண்ணீர் கரையேறிவிடுகிறது.

கரையேறிய பிலிரூபின் போய்ப் படிவது மூளையின் அடிப்பகுதியில். அசைவை ஆளும் இடமும் செவிப்புலனுக்கான நரம்புப் பாதையும் அங்கேதான் இருக்கின்றன. மருத்துவர்கள் இந்தச் சேதத்தைக் கேர்னிக்டெரஸ் என்கிறார்கள். தப்பிய பிள்ளை பிறகு கை கால் தன் சொற்கேளாமல் முறுகி வளரலாம். காது கேளாமல் போகலாம். கண்ணை மேலே தூக்கிப் பார்க்க முடியாமல் இருக்கலாம். பலருக்கு அறிவு தெளிவாக இருக்கும், உடல்தான் ஒத்துழைக்காது. வாழ்நாள் முழுக்க நீளும் இந்தத் துன்பத்தை உரிய நேரத்தில் ஓர் இரத்தப் பரிசோதனையும் ஒளிச் சிகிச்சையும் தடுத்திருக்கும் என்பதுதான் பொறுக்க முடியாதது.

முதற் காரணம்: தாய் நெகட்டிவ், பிள்ளை பொசிட்டிவ்

இலங்கையில் நூற்றுக்கு ஐந்து பேரளவில்தான் ஆர்.எச். நெகட்டிவ் இரத்தம் உள்ளவர்கள். ஐரோப்பியர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர். இங்கே எண்ணிக்கை குறைவு என்பதால் ஊரில் இதைப் பற்றிய பேச்சும் குறைவு.

தாய் நெகட்டிவ், தகப்பன் பொசிட்டிவ் என்றால் பிள்ளை பொசிட்டிவாக இருக்கலாம். பிள்ளைப்பேற்றின்போது பிள்ளையின் இரத்தம் சில துளி தாயின் உடம்புக்குள் போகும். தாயின் உடம்பு அதை அந்நியமாகக் கண்டு பிறபொருளெதிரியை உண்டாக்கிவிடும். பெரும்பாலும் முதற் பிள்ளை தப்பிவிடும். அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கும்போது அந்த எதிரிகள் நஞ்சுக்கொடி வழியே போய் அதன் செங்குழியங்களை உடைக்கத் தொடங்கும். கடுமையான நிலையில் பிள்ளை வயிற்றிலேயே இரத்தம் வற்றி, உடம்பெல்லாம் நீர்கோத்து இறப்பதும் உண்டு. உயிரோடு பிறந்தால் சில மணித்தியாலத்துக்குள் மஞ்சளிக்கும்.

ஒரு காலத்தில் இதைத் தடுக்க வழியே இல்லை. நெகட்டிவ் தாய்மாரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இப்படி மாட்டிக்கொண்டார்கள். 1960களில் இங்கிலாந்தின் லிவர்பூலிலும் அமெரிக்காவின் நியூயோர்க்கிலும் தனித்தனியே ஆராய்ந்தவர்கள் அன்டி-டி என்ற ஊசியைக் கொண்டுவந்தார்கள். 1968 முதல் அது பாவனைக்கு வந்தது. பிள்ளை பொசிட்டிவ் என்று தெரிந்தால் பிறந்த 72 மணித்தியாலத்துக்குள் தாய்க்கு இதைப் போட வேண்டும். தாயின் உடம்பு பிள்ளையின் இரத்தத்தை அடையாளம் காணுமுன் அந்தத் துளிகளை இது அகற்றிவிடும். எதிரி ஒருமுறை உண்டாகிவிட்டால் இந்த ஊசியால் பயன் இல்லை. அதனால் நேரம்தான் இங்கே மருந்து.

உஷாராக இருக்க வேண்டிய இடம் பிள்ளைப்பேறு மட்டுமல்ல. கரு கலைந்தாலும், கரு குழாயில் தங்கினாலும், வயிற்றோடு இருக்கையில் இரத்தப்போக்கு வந்தாலும், விழுந்து வயிற்றில் அடிபட்டாலும் பிள்ளையின் இரத்தம் தாய்க்குள் கலக்கலாம். "இரண்டு மாதம் தள்ளிப்போய்க் கலைந்தது" என்று வீட்டுக்குள்ளேயே மூடிவைக்கும் சங்கதி அடுத்த பிள்ளையின் உயிரோடு விளையாடும். வெட்கப்பட்டு மறைத்த கருச்சிதைவையும் கிளினிக்கில் சொல்லுங்கள். தனியாகச் சொல்ல இடம் கேட்டால் குடும்பநல மாது மறுக்க மாட்டார்.

இரண்டாவது: ஓ வகைத் தாய்

"நான் பொசிட்டிவ், எனக்கு ஒன்றுமில்லை" என்று நெகட்டிவ் அல்லாத தாய்மார் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஓ வகை இரத்தம் உள்ள தாய்க்கு ஏ அல்லது பீ வகைப் பிள்ளை பிறந்தாலும் மோதல் உண்டு. இலங்கையில் பத்துப் பேரில் நாலு பேருக்கு மேல் ஓ வகை. அப்படியானால் இது எத்தனை வீட்டுக் கதை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஓ வகைக்காரர்களின் இரத்தத்தில் ஏ, பீ இரண்டுக்கும் எதிரிகள் முன்கூட்டியே இருக்கின்றன. அதனால் இங்கே முதற் பிள்ளைக்கும் விலக்கில்லை. மோதல் பெரும்பாலும் மிதமானது. இப்படி அமையும் பிள்ளைகளில் சிறு பங்குக்குத்தான் சிகிச்சை தேவைப்படும். ஆனால் அந்தச் சிறு பங்கு யார் என்பதைப் பிறந்தவுடன் பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளை சிவப்பாக, கொழுகொழுவென்று, நன்றாகப் பால் குடித்துக்கொண்டுதான் இருக்கும். சில பிள்ளைகளுக்கு இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் மஞ்சள் கிளம்பும். அதற்குள் தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

இவை இரண்டையும் தவிர கெல் போன்ற சிறு இரத்தப் பிரிவுகளாலும் மோதல் வரலாம். முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்ட தாய்மார் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இரத்தத்தாலும் உடம்பில் எதிரிகள் உண்டாகியிருக்கலாம்.

மூன்றாவது: தாய்வழி வரும் குறைபாடு

மட்டக்களப்பில் குடி தாய்வழி வரும். கோயில் உரிமை பேசும்போதும் கல்யாணம் பேசும்போதும் "என்ன குடி?" என்ற கேள்வி வரும். தாயின் தாய், அவளின் தாய் என்று நாலு தலைமுறை சொல்லக்கூடிய பெத்தாமார் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அந்த ஞாபகத்துக்கு ஒரு வைத்தியப் பயனும் உண்டு. இதைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை.

செங்குழியத்தைச் சில இரசாயனங்களின் தாக்குதலில் இருந்து காக்கும் நொதியம் ஒன்று இருக்கிறது. சுருக்கமாக ஜி6பிடி என்பார்கள். சிலருக்கு அது பிறவியிலேயே குறைவு. உலகம் முழுவதும் 40 கோடிப் பேருக்கு மேல் இந்தக் குறைபாடு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். மலேரியா நெடுங்காலம் ஆண்ட நிலங்களில் இது கூடுதல். இந்தக் குறைபாடு உள்ள இரத்தத்தில் மலேரியாக் கிருமி செழிக்க முடியாமையே அதற்குக் காரணம். வரண்ட வலயத்தில் மலேரியாக் காய்ச்சலை மூத்த தலைமுறை மறந்திருக்காது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016 செப்டெம்பரில். நோய் போய்விட்டது; நோயோடு போராடிய இரத்தம் நம் உடம்பில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த நொதியத்துக்கான மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு அந்த நிறமூர்த்தம் தாயிடமிருந்து மட்டும்தான் கிடைக்கும். ஆகவே மகனுக்கு வருகிற குறைபாடு தாய்வழி வந்தது. தாய் சுகதேகியாக இருப்பாள். அவளுடைய ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது வர வாய்ப்பிருக்கும். பெண்பிள்ளைகளுக்கும் வராமல் இல்லை. குறைபாடுள்ள தாய்மாமனின் மகள் அந்த மரபணுவைத் தவறாமல் சுமப்பாள். அவளை, அதே குறைபாடுள்ள மச்சான் கட்டினால் பிறக்கும் பெண்பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் அது சேரலாம். மச்சான் மச்சாள் கல்யாணம் வழக்கமான ஊரில் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே பிள்ளை பிறக்குமுன் பெத்தாவிடம் கேளுங்கள். "எங்கட அம்மாட சகோதரங்களில ஆராவது பிறந்த கையோட செங்கமாரி வந்து செத்ததா? மாமன்மாரில ஆருக்காவது மருந்து குடிச்ச பிறகு மூத்திரம் கோலா நிறத்தில போனதா? ஆருக்காவது காரணம் தெரியாம இரத்தம் ஏத்தினதா?" இதில் ஒன்றுக்காவது "ஓம்" என்று பதில் வந்தால் அதைக் கிளினிக்கில் சொல்லிக் கார்ட்டில் எழுதச் செய்யுங்கள். தாயின் இரத்த வகையைக் கிளினிக்கில் பார்ப்பது வழக்கம். இந்த நொதியத்தை யாராவது சந்தேகப்பட்டால்தான் பார்ப்பார்கள். அந்தச் சந்தேகத்தை எழுப்பிவிட வேண்டியவர்கள் நாம்.

அலுமாரிக்குள் இருக்கும் வெள்ளை உருண்டை

ஜி6பிடி குறைவான பிள்ளை ஒன்றும் ஆகாமல் வளரவும் கூடும். ஏதாவது ஒன்று தூண்டிவிட்டால் இரத்தம் மளமளவென்று உடையும். அந்தத் தூண்டிகளில் கொடிய ஒன்று நம் வீடுகளில் சாதாரணமாகக் கிடக்கிறது: பூச்சிக்குப் போடும் நப்தலின் உருண்டை.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி உடுத்தாமல் பாட்டியின் பழைய நூல்சேலையையும் மூத்த பிள்ளையின் சட்டையையும் எடுப்பது நல்ல வழக்கம்; துணி மெதுவாக இருக்கும். ஆனால் அந்தத் துணி இத்தனை நாளும் எங்கே இருந்தது? அலுமாரிக்குள்ளோ ட்ரங்குப் பெட்டிக்குள்ளோ, நாலைந்து உருண்டைகளோடு. அந்த வாசனையைப் பிள்ளை மூச்சில் இழுக்கும். தோல் வழியாகவும் அது ஏறும். எண்ணெய் தடவிக் குளிப்பாட்டிய தோலில் இன்னும் வேகமாக ஏறும். குறைபாடு இல்லாத பிள்ளைக்குக்கூட இது கூடாது. குறைபாடுள்ள பிள்ளைக்கு உயிராபத்து.

பிள்ளைகளுக்கு நேர்ந்த பாதிப்புகளுக்குப் பிறகு ஆஸ்திரேலியா 2012இல் வீட்டுப் பாவனைக்கான நப்தலின் உருண்டைகளை விற்பனையில் இருந்து எடுத்தது. நாம் சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஏழாம் மாதத்திலேயே உருண்டைகளைப் பொறுக்கி வீட்டை விட்டு அகற்றுங்கள். மலசலகூடத்தில் போட்டிருப்பதையும் சேர்த்து. பிள்ளைக்கு எடுத்துவைத்த துணியைத் துவைத்துப் பல நாள் வெயிலிலும் காற்றிலும் காயவிடுங்கள். வாசனை போகாவிட்டால் அந்தத் துணி பிள்ளைக்கு வேண்டாம்.

அடுத்தது மருதோன்றி. கையில் சிவப்பேற்றும் சாயச் சத்தான லோசோன், நப்தலினோடு நெருங்கிய அமைப்புக் கொண்டது. ஜி6பிடி குறைந்த பிள்ளைகளின் தோலில் மருதோன்றி பூசியபின் இரத்தம் உயிராபத்தான அளவுக்கு உடைந்ததை ஐக்கிய அரபு அமீரக மருத்துவர்கள் 2001இல் பதிவு செய்தார்கள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பெருநாளோ கல்யாணமோ வந்தால் மருதோன்றி இல்லாமல் இராது. பெரியவர்கள் இட்டுக்கொள்ளட்டும். பச்சைப் பிள்ளையின் கையில், காலில், தலையில் ஆசைக்குக்கூட ஒரு பொட்டு வைக்காதீர்கள்.

மருந்திலும் உஷார். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் நைட்ரோபியூரன்ரொயின், சல்பா சேர்ந்த கோட்ரைமொக்ஸசோல், டாப்சோன், மலேரியாவுக்கான பிரிமாகுயின் ஆகியவை இந்தக் குறைபாடு உள்ளவர்களின் இரத்தத்தை உடைக்கக்கூடியவை. நிறைமாதத் தாயும் பாலூட்டும் தாயும் பார்மசியில் பெயர் சொல்லி மருந்து வாங்கும் பழக்கத்தை விட வேண்டும். பிறந்தவுடன் பிள்ளைக்குப் போடும் வைட்டமின் கே ஊசியை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்த்துப் பயப்படாதீர்கள். 1950களில் பாவித்த பழைய வகைதான் அதிக அளவில் கொடுத்தபோது இரத்தத்தை உடைத்தது. இன்று போடுவது வேறு வகை. அதை மறுத்தால் பிள்ளைக்கு மூளையில் இரத்தம் கசியும் ஆபத்து உண்டு.

எச்சரித்தால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குச் சிங்கப்பூர் பதில் சொல்லும். அங்கே கேர்னிக்டெரஸால் பிள்ளைகள் இறந்துகொண்டிருந்தபோது வோங் ஹொக் பூன் என்ற பிள்ளை மருத்துவர் அதை ஜி6பிடி குறைபாட்டோடு பொருத்திப் பார்த்தார். 1965 முதல் பிறக்கும் பிள்ளைகளின் கொடி இரத்தத்தைச் சோதித்து, குறைபாடுள்ளவர்களை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கவனித்து, நப்தலின் உருண்டையையும் சில மூலிகைகளையும் தவிர்க்கும்படி தாய்மாருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அந்த மரணங்கள் ஏறக்குறைய இல்லாமலே போயின.

மற்றக் காரணங்கள்

குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் பித்தக்கல் வந்தது, மண்ணீரலை எடுத்தது என்றால் செங்குழியத்தின் வடிவமே பிறவியில் பிசகிய நோயாக இருக்கலாம். இது தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலும் வரும். ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளையின் தலையில் இரத்தம் கட்டி வீங்கியிருந்தால் அந்தக் கட்டி கரையும்போது பிலிரூபின் கூடும். கிருமித் தொற்று இரத்தத்தில் ஏறினாலும் செங்குழியம் உடையும். மஞ்சளோடு காய்ச்சலோ உடல் குளிர்ந்துபோவதோ சேர்ந்தால் தாமதமே கூடாது. கிரந்தி நோய்க்காகக் கிளினிக்கில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையும் வீணுக்கல்ல. தாய்க்கு இருந்தால் அது பிள்ளையின் ஈரலையும் இரத்தத்தையும் தாக்கும். தாய்க்கு உரிய காலத்தில் பென்சிலின் போட்டால் தடுத்துவிடலாம்.

வீட்டு வைத்தியம் எங்கே கெடுக்கிறது?

வெயில் விஷயத்தை நேராகவே பேசுவோம். ஒளி மஞ்சளைக் குறைக்கும் என்பது உண்மைதான். 1950களின் நடுவில் இங்கிலாந்தின் ரொச்போர்ட் ஆஸ்பத்திரியில் ஜீன் வார்ட் என்ற தாதி பிள்ளைகளை முற்றத்து வெயிலுக்கு எடுத்துப் போவார். அதில் கிடைத்த தடயத்தில் இருந்தே இன்றைய ஒளிச் சிகிச்சை பிறந்தது; 1958இல் ஆய்வாக வெளிவந்தது. அப்படியானால் வெயில் ஏன் வேண்டாம்? சிகிச்சைக்கு வேண்டியது நீல ஒளி. அது வெற்றுடம்பில், மணித்தியாலக் கணக்கில், இடையறாமல் பட வேண்டும். துணி சுற்றிய பிள்ளையைக் காலையில் கால் மணித்தியாலம் வெயிலில் காட்டுவது அதற்கு எந்த வகையிலும் ஈடல்ல. கூடக் காட்டினால் மட்டக்களப்பு வெயிலில் தோல் வேகும். உடம்பில் நீர் வற்றும். நீர் வற்றினால் மஞ்சள் இன்னும் ஏறும். எல்லாவற்றையும் விடப் பெரிய கேடு, "வெயில் காட்டுகிறோம்" என்ற நிம்மதியில் கழியும் இரண்டு நாள்.

சீனித்தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர் எதுவும் மஞ்சளை இறக்காது. வயிறு நிறைந்தால் பிள்ளை பால் குடிப்பதைக் குறைக்கும். பால் குறைந்தால் மலம் குறையும். மலத்தோடு போக வேண்டிய பிலிரூபின் குடலில் இருந்து மறுபடி இரத்தத்தில் ஏறும். பெரியவர்களின் செங்கமாரிக்குக் கொடுக்கும் கீழ்காய்நெல்லியைப் பிறந்த பிள்ளைக்கு அரைத்துக் கொடுப்பதும் வேண்டாம். அந்த நோய் வேறு, இது வேறு. மரமஞ்சள் கசாயம் அதிலும் மோசம். சிங்களத்தில் வெனிவெல் என்று சொல்லும் அந்தக் கொடியில் உள்ள பெர்பெரின், இரத்தத்தில் புரதத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் பிலிரூபினைக் கழற்றிவிடக்கூடியது. கழன்றதுதான் மூளைக்குள் போகும். அதே பெர்பெரின் உள்ள மூலிகைகளைச் சிங்கப்பூர் 1978இல் தடைசெய்து, நெடுங்காலத்துக்குப் பிறகே தளர்த்தியது.

துடக்கு அறையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. காற்றுப் படக்கூடாது என்று கதவும் சன்னலும் மூடி, மஞ்சள் பல்பின் வெளிச்சத்தில் பிள்ளையை வைத்திருந்தால் மஞ்சள் எப்படித் தெரியும்? மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினாலும் தெரியாது. துடக்குக் கழியும்வரை வெளியே எடுக்காத வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். சன்னலை மட்டும் திறந்து விடுங்கள்.

எப்படிப் பார்ப்பது? எப்போது ஓடுவது?

முதல் ஐந்து நாளும் காலையும் மாலையும் பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில், உடுப்பில்லாமல் பாருங்கள். நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுக்காமல் மஞ்சளாகத் தெரிகிறதா? நம் பிள்ளைகளின் தோல் நிறத்தில் மஞ்சள் ஒளிந்துகொள்ளும். அதனால் கண்வெள்ளையையும் முரசையும் கட்டாயம் பாருங்கள். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். வயிற்றைத் தாண்டிக் காலுக்கு, உள்ளங்காலுக்கு வந்துவிட்டால் அளவு மிகக் கூடிவிட்டது என்று கொள்ளுங்கள். கண்ணால் பார்ப்பது சந்தேகப்படத்தான் உதவும். எவ்வளவு என்று சொல்ல இரத்தம் எடுத்தே ஆக வேண்டும்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்: முதல் 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள், ஒரே நாளில் விறுவிறென்று கூடும் மஞ்சள், கைகாலுக்கு இறங்கிய மஞ்சள், எழுப்பினாலும் எழும்பாமல் தூங்குவது, முலையைப் பிடிக்க மறுப்பது, உடல் துவண்டு கிடப்பது, மஞ்சளோடு வெளிறிப்போவது, மூத்திரம் கோலா நிறமாவது. கீச்சென்று வேறு குரலில் அழுகை, கழுத்தைப் பின்னால் மடக்கி முதுகை வில்லாக வளைப்பது, காய்ச்சல், வலிப்பு — இவை வந்துவிட்டால் மூளை தாக்கப்படுகிறது. அப்போது ஒரு நிமிடமும் கூடுதல்தான். முதல் நாள் மஞ்சளுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் பிலிரூபினை அளக்க வேண்டும் என்று பிரித்தானிய வழிகாட்டி சொல்கிறது. எவ்வளவு அவசரம் என்பதை அதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

இரண்டு வாரம் கழிந்தும் மஞ்சள் மாறாமல், மலம் சுண்ணாம்பு நிறத்தில் போனால் அது வேறு நோய், பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கும் கெடு உண்டு. சத்திரசிகிச்சை இரண்டு மாதத்துக்குள் நடந்தால்தான் பலன் கூடுதல்.

படுவான்கரைத் தாய்மாருக்குத் தனியாக ஒரு சொல். சுகப்பிரசவம் என்றால் ஒரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மஞ்சள் உச்சத்துக்குப் போவது மூன்றாம் நாளில் இருந்து ஐந்தாம் நாளுக்குள். அந்த நேரத்தில் நீங்கள் வெல்லாவெளியிலோ உன்னிச்சையிலோ கரடியனாற்றிலோ இருப்பீர்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு வழி சுருங்கிவிட்டது; மண்டூரார் குருமண்வெளித் துறையில் பாதைப் படகுக்குக் காத்து நின்ற அனுபவம் உள்ளவர்கள். மார்கழி, தை வெள்ளத்தில் உள்வீதிகள் என்ன பாடுபடும் என்பது தெரிந்ததே. ஆகவே தாய் நெகட்டிவ் என்றாலோ, ஓ வகை என்றாலோ, மூத்த பிள்ளைக்கு ஒளிச் சிகிச்சை கொடுத்திருந்தாலோ, பிள்ளையின் இரத்த வகையும் பிலிரூபினும் பார்க்காமல் வாவியைக் கடந்து போகாதீர்கள். "மூன்றாம் நாள் எங்கே கொண்டுவந்து காட்டுவது?" என்று கேட்டுவிட்டே ஆஸ்பத்திரியில் இருந்து வெளியேறுங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள். சுவசரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. முதல் பத்து நாளுக்குள் வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுக்குப் பிள்ளையை உடுப்புக் கழற்றி, வெளிச்சத்தில் காட்டுங்கள். வாசலில் வைத்துச் சுகம் சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

பயந்து தள்ளிப்போட வேண்டாம். முதலில் பிலிரூபின், இரத்த வகை, ஈமோகுளோபின், எதிரி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ஸ் பரிசோதனை. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கண்ணை மூடிக்கட்டி நீல விளக்கின் கீழ் வைப்பதே போதும். இடையிடையே எடுத்துப் பால் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அதையும் மீறி ஏறினால் பிள்ளையின் இரத்தத்தைச் சிறுகச் சிறுக எடுத்து, பொருந்தும் இரத்தத்தை ஏற்றி மாற்றுவார்கள். கேட்கப் பயமாக இருந்தாலும் 1940களில் இருந்து உயிர் காத்துவரும் முறை இது. "இரத்தம் மாற்ற வேண்டும்" என்று வைத்தியர் சொன்னால், ஊருக்குத் தொலைபேசி எடுத்து ஆலோசித்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.

ஒரு நுட்பம். இரத்தம் உடைந்துகொண்டிருக்கும்போது ஜி6பிடி பரிசோதனை சரி என்று காட்டக்கூடும். புதிதாக உருவான செங்குழியங்களில் நொதியம் கூடுதலாக இருப்பதே காரணம். இரத்தம் ஏற்றியிருந்தால் அடுத்தவரின் இரத்தத்தைத்தான் அது காட்டும். சந்தேகம் இருந்தால் சில மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் மஞ்சள் போய்விட்டது என்று கிளினிக்கை நிறுத்திவிடவும் வேண்டாம். எதிரிகள் பல வாரம் உடம்பில் தங்கும். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பிள்ளை வெளிறி இரத்தச் சோகைக்குள் போகலாம். மஞ்சள் மிகக் கூடியிருந்த பிள்ளைக்குச் செவிப்புலன் பரிசோதனையும் கட்டாயம்.

இன்று வயிற்றோடு இருக்கும் ஒவ்வொரு தாயும் இந்த வாரமே செய்யக்கூடியவை நாலு. கிளினிக் கார்ட்டை எடுத்து உங்கள் இரத்த வகையைப் பாருங்கள். கணவனுடையதையும் கேட்டு எழுதிவையுங்கள். நீங்கள் நெகட்டிவ் என்றால் அன்டி-டி ஊசி எப்போது, எங்கே என்று கேளுங்கள். தாய்வழியில் மஞ்சளித்து இறந்த பிள்ளைகளைப் பற்றிப் பெத்தாவிடம் விசாரியுங்கள். அலுமாரியைத் திறந்து உருண்டைகளை வெளியே எடுங்கள். இவை எதற்கும் காசு வேண்டாம். பிள்ளை பிறந்தபின், முதல் நாளே மஞ்சள் தெரிந்தால், வீட்டில் யார் என்ன சொன்னாலும் தாய்தான் முடிவெடுக்க வேண்டும்: பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். அது சாதாரண மஞ்சளாக இருந்து திரும்பி வந்தால் உங்களுக்கு நட்டம் ஒரு பயணம் மட்டும்தான்.